அவன் படமும் இவர் கையும்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் மீசை மொத்தமும் உதிர்ந்து போகட்டும்.

டிரம்மருக்கு வயிறு எரிந்தது. ரேடியோவில் ஒரு ஹிட் பாட்டு வந்தாலே அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவாள். பாடியவனை விட, டிரம்ஸ் வாசித்த சுருட்டைமுடிக்காரன்மேல்தான் அவளுக்குப் பித்து. அவன் படத்தை ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தாள்.

"என்ன அடி! அவனுக்குக் கை ரெண்டா, நாலா?"

"நானும் டிரம்மர்தான்டி."

"நீங்க ஜாஸ், ராக், பற்பசை விளம்பரம்னு கூப்பிட்ட ஸ்டுடியோவுக்கெல்லாம் போய் வாசிக்கிற ஆளு. அவன் மாதிரி வருமா?"

அன்றிலிருந்து டிரம்மர் ஃப்ரிட்ஜைத் தொடவில்லை. கொளுத்தும் வெயிலிலும் குழாய்த் தண்ணீரையே குடித்தார். கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் வெடித்தார்.

"அவனுக்குத் தாளமே நிக்காதுடி! ரெக்கார்டிங்ல அவன் சொதப்பினதும் வெளியே அனுப்பிட்டு, என்னை உட்கார வெச்சாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீ கேக்கறது என் கை!"

மனைவி சிரித்தாள்.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டு உங்க கை எனக்குத் தெரியாதா? முதல் அடியிலேயே கண்டுபிடிச்சிட்டேன். உங்க வாயால வரட்டும்னுதான் இந்த மூஞ்சியைச் சகிச்சுக்கிட்டிருந்தேன்."

படத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். டிரம்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்து, வயிறு குளிரக் குடித்தார்.

ஒலிப்பதிவாளரோ அந்த இரண்டு பேரும் வாசித்ததை அழித்துவிட்டு, கம்ப்யூட்டர் டிரம்ஸை வைத்துத்தான் பாட்டை வெளியிட்டிருந்தார்.