சனிக்கிழமை கம்ப்யூட்டர்

"இதுவும் வேணாம்" என்றாள் மமதா.

ரூபினிக்குக் கையிலிருந்த பவர் சப்ளை டப்பாவைக் கடைக்குள்ளேயே போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

"ஏங்க்கா? போன வாரம் நீங்கதானே இந்த மாடல் சரின்னீங்க?"

"சொன்னேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது தாங்குமான்னு இன்னொரு தடவ பார்க்கணும். சும்மா எதையாவது வாங்கிட்டு அப்புறம் அழக்கூடாது. வா, காபி குடிக்கலாம்."

இது மூன்றாவது சனிக்கிழமை. எலெக்ட்ரானிக் சிட்டியில் பஸ் ஏறி, ஓசூர் ரோடு நெரிசலில் ஊர்ந்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு வந்து, கடை கடையாக ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்புவதே பிழைப்பாகிவிட்டது. முதல் வாரம் மதர்போர்டு சரியில்லை. அடுத்த வாரம் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் போதாது. இன்றைக்கு இது.

ஓர் அனிமேஷன் கம்பெனி ரூபினிக்கு டெஸ்ட் கொடுத்திருந்தது. மாதக் கடைசிக்குள் செய்து அனுப்பினால் கால் சென்டர் வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம். பழைய லேப்டாப்பை நம்பினால் அது நடக்காது. தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் எதிர் ரூம் மமதா சிஸ்டம் அட்மின் ஆச்சே என்று, பார்ட்ஸ் வாங்கிப் புதுக் கம்ப்யூட்டர் பூட்ட அவளிடம் உதவி கேட்டாள். கேட்டதுதான் வினை.

காபிக் கவுன்டரில் மமதா வழக்கம்போல "பை டூ காபி" என்றாள். ஒரு காபி, இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக வந்தது.

"விண்டோஸா லினக்ஸா? அத முதல்ல முடிவு பண்ணு."

"விண்டோஸ்தான்க்கா. பழகினது."

"உன் சாஃப்ட்வேர் லினக்ஸ்லயே நல்லா ஓடும். லைசென்ஸ் காசும் மிச்சம். பஸ்ல விவரமா சொல்றேன்."

சொன்னாள். பொம்மனஹள்ளி தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தாள். ரூபினி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பி.ஜி.யில் சமையல் செய்யும் சந்திரம்மா, சப்பாத்தியைத் தட்டில் போட்டபடி சிரித்தாள்.

"இன்னிக்கும் வாங்கலியா? அந்தப் பொண்ணு கடைக்காரங்கிட்ட கமிஷன் பேசிட்டிருக்கும். படியற வரைக்கும் உன்ன இழுத்தடிக்கும். புருஷன விட்டுட்டு வந்தது பாரு, வேற யார் கிடைப்பா அதுக்கு?"

அது ரூபினியின் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனாள்.

கடைக்கார டெஸ்மண்ட், "மமதா மேடம் வரலியா?" என்று வாசலைப் பார்த்தார்.

"வரல. எனக்கு பார்ட்ஸ் வேணும்."

டெஸ்மண்ட் கவுன்டருக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இழுத்தார். மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை என்று எல்லாமே அதிலிருந்தன. மூன்று வாரமாக வேண்டாம் என்று தள்ளிய அதே மாடல்கள்.

"முதல் வாரம் நீங்க வெளிய போன் பேசிட்டிருந்தீங்களே, அப்பவே மேடம் எல்லாம் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க."

"அவங்களுக்குக் கமிஷன் எவ்வளவு?"

"எல்லாருக்கும் நாங்க குடுக்கறதுதான். அத உங்க பில்லுலயே கழிச்சிடச் சொல்லிட்டாங்க."

ரூபினிக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. எல்லாம் தயாராக இருக்கும்போது எதற்காக இந்த அலைச்சல்? பொழுது போகாததற்கு நான்தான் கிடைத்தேனா?

பணத்தைக் கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த ஆத்திரத்திலேயே காபிக் கவுன்டரில் போய் நின்று, வாய் தவறி "பை டூ" என்றுவிட்டாள். இரண்டு கிளாஸ் வந்தது. ஒன்றைக் குடித்தாள். மற்றது எதிரே நின்று ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவும் மனசில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

சாயங்காலத்துக்குள் வீடியோ பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். லினக்ஸ்தான் போட்டாள். திரை பளிச்சென்று எரிந்தபோது கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது? ஆம்பூருக்குப் போன் போட்டாள். "அப்படியா, நல்லது. சாப்டியா?" என்றாள் அம்மா.

மறுநாள் வராந்தாவில் மமதாவைப் பார்த்ததும் முகத்திலடித்தாற்போலச் சொன்னாள்.

"நானே போய் வாங்கி மாட்டிட்டேன்க்கா. நல்லா ஓடுது."

மமதா சாவியைக் கையில் உருட்டியபடி நின்றாள்.

"பரவாயில்லையே. அப்ப நாளைக்கு எஸ்.பி. ரோடு போக வேணாம்."

"வேணாம்க்கா."

"சரிம்மா" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ரூபினி தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். எதிர் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. மமதா தலை வாரி, நல்ல சுடிதார் போட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எங்கேயும் கிளம்புவதாகத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ரூபினிக்கு ஆறிப்போன அந்தக் காபி ஞாபகம் வந்தது.

ரூமுக்குத் திரும்பி, கம்ப்யூட்டரை ஆஃப் செய்தாள். டெஸ்டுக்கு இன்னும் நாளிருக்கிறது. கேபினெட் மூடியைக் கழற்றி, ரேமை உருவி, மேஜையில் கிடந்த துப்பட்டாவுக்கு அடியில் தள்ளினாள். பிறகு போய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, திடீர்னு டிஸ்ப்ளே வரல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மமதா வந்து பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். ரேம் இருக்க வேண்டிய இடம் காலி. நிமிர்ந்தபோது, துப்பட்டாவுக்கு வெளியே ரேமின் ஒரு முனை நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

ரூபினி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "என்னக்கா, பெரிய ரிப்பேரா?"

மமதா துப்பட்டாவை மெல்ல இழுத்து அந்த முனையையும் மூடினாள்.

"பெரிசுதான். ஒரு சனிக்கிழமையில முடியாது. கிளம்பு."