சீமோன் அண்ணை வீட்டுத் துவக்கு

"இஞ்சை ஓடி வாரும்! சீமோன் அண்ணை வீட்டிலை பொலிஸ்!"

ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணியை ஆறவிட்டு யன்னலடியில் நின்றான் வினோதன். அவன் மனைவி நிலாணிக்கும் புதினம் பார்க்கிற ஆசை கொஞ்சநஞ்சமல்ல. தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

எதிர்வீட்டு பேஸ்மென்ற் நிலவறைக் கதவால் இரண்டு பொலிஸ்காரர் நீளமான பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் சீமோன் அண்ணை, கையைக் கட்டிக்கொண்டு.

"துவக்குத்தான்! நான் அண்டைக்கே சொன்னனான், உந்தாள் சரியில்லையெண்டு" என்றான் வினோதன்.

"லைசென்ஸோடதானே வைச்சிருந்தவர்? மான் சுடப் போறவர். பிறகேன் எடுக்கினம்?"

"ஏதோ பிடிபட்டிருக்கு. சும்மா வருவாங்களே?"

ஏதோ என்றால் என்ன? அதை அறியாமல் நிலாணிக்குத் தோசை சுட மனம் வரவில்லை.

செவ்வாய் இரவு நகரின் வடக்கே இருந்த யூத ஆலயத்தின் கதவில் யாரோ சுட்டுவிட்டு ஓடியிருந்தான். நல்லகாலம், ஆளுக்குச் சேதமில்லை. அன்றிலிருந்து தமிழ்ச்சனம் நிறைந்த ஸ்காபரோவில் எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் துவக்குச் சட்டம்தான் கதை. வினோதன் விடுவானா? தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ஆயிற்றே! "ஒருத்தரிட்டையும் துவக்கு இருக்கப்படாது. சட்டத்தை இறுக்க வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றான். சீமோன் அண்ணை மட்டும் மசியவில்லை.

"களவுத் துவக்கு எல்லைக்கு அங்காலையிருந்து வருது. அதை விட்டிட்டு மான் சுடுறவனைப் பிடிச்சு என்ன பிரயோசனம்? என்ன சட்டம் வந்தாலும் நான் என்ரையைக் குடுக்கமாட்டன்."

இன்று பின்னேரம் அந்த ஆலயத்துக்கு முன்னால் ஆதரவுக் கூட்டம். அதற்கும் வரமாட்டாராம். வீட்டில் வேலை கிடக்காம்.

"கல்நெஞ்சன்" என்றான் வினோதன்.

"அது கிடக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"எந்தப் பிள்ளை?"

"மிரியம். போன கிழமை எங்கடை பேஸ்மென்றை வாடகைக்குப் பாக்க வந்த நர்ஸ் பிள்ளை. மாத முடிவுக்குள்ளை இப்ப இருக்கிற அறையை விட வேணும், போக இடமில்லையெண்டு கண் கலங்கினதெல்லோ. நீங்களும் ஓமெண்டனீங்கள்."

யூதப் பிள்ளை. வேதவசனம் வைத்த சின்னக் குழல் ஒன்றைத் தங்கள் முறைப்படி கதவுநிலையில் பொருத்தலாமா என்று கூச்சத்தோடு கேட்டிருந்தாள். "எங்கடை வாசலிலை பிளாஸ்ரிக் மாவிலையே தொங்குது, உன்ரை குழல் இருந்தால் என்ன?" என்று நிலாணிதான் சிரித்தாள்.

"பாப்பம், பாப்பம்." வினோதன் பேச்சுத் தயாரிக்க மாடிக்கு ஏறிவிட்டான்.

அந்தக் குளிருக்குள்ளும் கூட்டத்தில் நல்ல சனம். கையில் மைக் கிடைத்தால் வினோதனுக்குச் சொல்லவும் வேண்டுமா?

"உங்கள் வாசல் எங்கள் வாசல்! நாங்களும் உயிருக்குப் பயந்து ஓடி வந்த சனம்தான்!"

நல்ல கைதட்டல். அதோடு நிறுத்தினானா?

"துவக்கு எங்கேயோ தூரத்தில் இல்லை. என் எதிர்வீட்டிலேயே இருந்தது. இன்று காலையில்தான் பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது!"

இன்னும் பலத்த கைதட்டல். பொய் சொல்லக்கூடாது, நிலாணிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பினால், பக்கத்தில் மிரியம்.

"பிள்ளை! எப்ப சாமான் கொண்டு வாறாய்?" என்று இங்கிலிஷில் கேட்டாள்.

மிரியம் முழித்தாள். "உங்களுக்குத் தெரியாதா? உங்கள் கணவர் புதன்கிழமையே போன் எடுத்தாரே. அஜக்ஸ் நகரிலிருந்து மச்சான் வருகிறார், பேஸ்மென்ற் இல்லை என்று."

அஜக்ஸில் அவர்களுக்கு ஒரு மச்சானும் இல்லை.

மேடையால் இறங்கிச் சிரித்தபடி வந்த வினோதனை நிலாணி தமிழில் பிடித்தாள். "ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?"

"மெல்லக் கதையும். கதவிலை அந்தக் குழலைக் கண்டால் சுடுறவன் எங்கடை வீட்டுக்கும் வருவான். பிள்ளையள் இருக்கிற வீடு. எனக்குப் பயமாக் கிடந்தது."

சற்று முன் கைதட்டிய கையை எங்கே வைப்பதென்று நிலாணிக்குத் தெரியவில்லை. வெட்கமாய்ப் போயிற்று. "இப்ப எங்கை இருக்கப் போறாய், பிள்ளை?"

மிரியத்தின் முகம் மலர்ந்தது. "உங்கள் தெருவில்தான்! நேரில் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமென்று வியாழக்கிழமை வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. என் கார் வேறு பனிக்குள் புதைந்துவிட்டது. எதிர்வீட்டு ஐயாதான் தள்ளிவிட்டார். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். பிறகு தன் பேஸ்மென்றைத் திறந்து காட்டினார்."

"சீமோன் அண்ணையா?"

"ஓம். அங்கே மூலையில் துவக்குப் பெட்டி இருந்தது. துவக்கு இருக்கிற வீட்டில் இனி எனக்கு நித்திரை வராது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கென்ன, நானே பொலிஸைக் கூப்பிட்டுக் குடுத்துவிடுகிறேன் என்றார். இன்று கூட்டத்துக்கும் வரவில்லை. என் அறைக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கிறார், பாவம்."

வினோதன் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைக் குனிந்து தட்டத் தொடங்கினான்.

மிரியம் அவனைக் கள்ளங்கபடமில்லாமல் பார்த்துக் கேட்டாள்.

"நீங்கள் மேடையில் சொன்னது, அவருடைய துவக்கைத்தானே?"