முன் பிளாட் பிள்ளை

"மம்மி, ஒரு மணித்தியாலம்தான். விளையாடிப்போட்டு வந்திடுறன்."

"ஒரு நிமிஷமும் இல்ல. திங்கட்கிழமை சோதனை. போன முறை ரெண்டு பாடத்தில விழுந்தது காணாதா? இந்த முறையும் விழுந்தா டிகிரியும் இல்ல, வேலையும் இல்ல."

ரெனால்ட்டின் கையிலிருந்த பெட்மின்டன் றக்கெட்டைப் பறித்து அலுமாரிக்கு மேலே போட்டாள் ஐறீன். கொஞ்ச நாளாக அவளுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. செபமாலையைக் கையில் எடுத்தாலும் மனம் மகனின் கம்பஸ் றிசல்ட்ஸிலேயே நிற்கிறது.

"நான் போகாட்டி சரிவராது மம்மி."

"ஏன், நீ விளையாடாட்டி ஆரும் செத்துப்போவினமோ?"

ரெனால்ட் எதிரே இருந்த பிளாட்டை ஒருமுறை பார்த்தான். புத்தகத்தை விரித்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தான்.

"அங்க பார், முன் பிளாட் சுகிர்தனை. உன்னோட படிக்கிறவன்தானே? எப்ப பார்த்தாலும் புத்தகமும் கையுமா இருக்கிறான். அவன்ர தாய் செலீன் குடுத்து வைச்சவள்."

அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் எந்தத் தாய்க்கும் தங்கம்தான். அந்தத் தங்கத்தோடு இருத்திவிட்டால் இவனுக்கும் நாலு எழுத்து ஏறாதா? வெட்கத்தைப் பார்த்தால் காரியம் ஆகுமா? ஐறீன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

முன் பிளாட்டின் அழைப்பு மணியை அடித்தவுடனேயே செலீன் கதவைத் திறந்தாள். ஐறீனைக் கண்டதும் முகம் வாடிப்போனது.

"நீங்களா அக்கா... நான் ரெனால்ட் தம்பியாக்கும் எண்டு நினைச்சன்."

"அவனை நான் வெளியில விடேல்ல. சரியான விளையாட்டுப் பைத்தியம். செலீன், ஒரு உதவி செய்யும். சுகிர்தனோட இருந்து இவனும் படிக்கட்டும்."

செலீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சுகிர்தன் எங்க படிக்கிறான், அக்கா? சோதனை எண்டாலே பயம். கன நாளா ஒரே பக்கத்தைத்தான் விரிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறான். சாப்பாடும் இல்ல, கதையும் இல்ல. பின்னேரத்தில உங்கட மகன் வந்து மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், விளையாடி வேர்க்க வைச்சாத்தான் ஒரு வாய் சாப்பிடுவான். அதுக்குப் பிறகுதான் ரெண்டு பேரும் இருந்து படிப்பினம். வெளியில சொல்லவேண்டாம் எண்டு நான்தான் கெஞ்சிக் கேட்டனான்."

"இப்ப?"

"இண்டைக்குத் தம்பியைக் காணேல்ல எண்டதும், சோதனைக்கே போகமாட்டன் எண்டுறான்."

ஐறீன் நேரே ஜன்னலடிக்குப் போய், எதிரே புத்தகத்தில் குனிந்திருந்த மகனைக் கூப்பிட்டாள்.

"ரெனால்ட், படிச்சது காணும். கெதியா விளையாட வா."