மதினியின் முறை

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. சாய்ந்தமருதில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தும் ஸம்றா, தையல்காரி பரீதாவிடம் கதை கேட்க வந்திருந்தாள். வீட்டில் இருந்தபடி, தமக்கு வாய்த்த நேரத்தில் வேலை செய்தவர்களின் வரலாற்றை வெளிநாட்டில் யாரோ இன்டர்நெட்டில் சேர்க்கிறார்களாம். இந்த ஊர்க் கதையும் ஒன்று போகட்டும் என்று அவளுக்கு ஆசை.

பரீதா மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள். "மெஷின் ஒண்டு. நானும் ஜெமீலா மதினியும் ரெண்டு பேர். நான் சோறாக்க எழும்பினா அவ இரிப்பா. அவ தொழ எழும்பினா நான் இரிப்பன். மெஷின் சும்மா நிண்டதில்ல."

"அவங்க மௌத்தான பிறகு, ராத்தா?"

"அதே மாதிரித்தான்."

மதினி இறந்தபின் தனியாகத் தைக்கிறாள் என்றே ஸம்றா எழுதிக்கொண்டாள்.

பாதி தைத்த சட்டையை ஊசியின் கீழேயே விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி பரீதா எழுந்தாள். தேத்தண்ணி ஊற்ற இருவரும் குசினிக்குப் போனார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கேத்தல் கொதிக்குமுன் முன்னறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. ஸம்றா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பரீதா கோப்பைகளைக் கழுவினாள், சீனி போட்டாள், தேத்தண்ணியை ஊற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடினாள்.

கோப்பையை வாயருகே கொண்டுபோகையில் சத்தம் நின்றது.

"மதினி எழும்பிட்டா," என்று குடிக்காமலே கோப்பையை வைத்தாள் பரீதா. "ஒரு மிடறு குடிக்க விடமாட்டா. மௌத்தானவக்குக் களைப்பா வரப்போகுது, புள்ள?"