நிலா மண்ணுக்கு ஒரு பை

“கூலிப் பேச்சே வேணாம் மேடம். நான் கேட்டத மட்டும் குடுங்க. வூட்ல தெரிய வேணாம்.”

தறிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்ற கற்பகத்தின் காதில் அது ஓர் எழுத்து விடாமல் விழுந்தது. பேசியது அவள் புருஷன் சம்பந்தம். எதிரே நின்றவள் தேவிப்ரியா. சேவூர்ப் பெண்தான், பெங்களூரில் ஆராய்ச்சி.

நாலு மாதமாக இதே கூத்து. நிலா மண்ணிலிருந்து ஆக்சிஜன் எடுக்கப்போகிறார்களாம். அங்கே குடியேறுகிற மனுஷன் மூச்சுவிட வேண்டுமாம்.

மண்ணைக் கொட்டி உலைக்குள் இறக்க மெல்லிய கம்பியில் ஒரு பை வேண்டும். உடல் ஒரு கம்பி, கரை வேறு கம்பி. தையலே இல்லாமல் இரண்டும் சேர வேண்டும். பட்டுப்புடவைக்குக் கரை சேர்க்கிற கைதான் அதற்கு லாயக்கு என்று ஆரணியெல்லாம் தேடி, கடைசியில் இவள் புருஷனைத்தானா பிடிக்க வேண்டும்?

கட்டினவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், தேவிப்ரியாவிடம் மணிக்கணக்கில் பேசுகிறார். லுங்கி போய் பேன்ட் வந்துவிட்டது.

இன்றைக்கும் பால் வாங்கித் திரும்பும்போது தூரத்திலேயே அவள் ஸ்கூட்டி தெரிந்தது. நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது கற்பகத்துக்கு. நாலு வீடு தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். பொறாமை வந்தால் மனுஷியை அப்படித்தான் ஆட்டிவைக்கும்.

சம்பந்தம் டீ வாங்கக் கிளம்பியதும் கற்பகம் உள்ளே நுழைந்தாள்.

“இன்னாம்மா, எம் புருஷனுக்கு இன்னா குடுக்கறதா ஒத்துகின?”

தேவிப்ரியாவின் முகம் வெளுத்தது. “அது... அண்ணன் சொல்ல வேணாம்னாருக்கா.”

இதற்குமேல் சாட்சி வேறு வேண்டுமா? தறிமேல் கிடந்த கத்தரியை எடுத்தாள் கற்பகம். நாலு மாத நெசவை நட்டநடுவில் சரக்கென்று வெட்டிப்போட்டாள். அப்போதுதான் அவள் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

“இனிமே இந்த வாசப்படி மிதிச்ச, நடக்கறதே வேற!”

தேவிப்ரியா அறுந்த பையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டாள். அழுதுகொண்டே சொன்னாள்.

“மூச்சு முட்டற எம் பொண்டாட்டிக்கு இந்தப் பையில வர்ற மொதல் காத்தக் குடுங்கன்னுதாங்கா கேட்டாரு!”