ஆயிரம் சிவப்புப் புள்ளிகள்

கடல் தேடுதல் அலுவலகத்தின் சன்னல் வெயில் கணினித் திரையில் விழாதபடி, கணக்குப் போடுபவள் ஒரு கோப்பு அட்டையை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். காற்றின் வேகத்தையும் நீரோட்டத்தின் திசையையும் சமன்பாட்டுக்குள் கொடுக்கிறாள். கவிழ்ந்த படகிலிருந்து காணாமல்போனவன் மிதந்து போயிருக்கக்கூடிய இடங்கள், ஆயிரம் சிவப்புப் புள்ளிகளாக வரைபடத்தில் விரிகின்றன. முதல் நாள் உள்ளங்கைக்குள் அடங்கிய புள்ளிகள். மூன்றாம் நாளான இன்று திரையின் விளிம்பைத் தொடுகின்றன. பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி, மாற்றிக்கொள்ளட்டும் என்று கொண்டுவந்த அவனுடைய உலர்ந்த சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்கிறது. "நேத்து இவ்ளோ இல்லையேக்கா! இத்தனை இடத்துல தேடுனா ஏதாவது ஒரு மூலையில அகப்படாமலா போயிடுவாரு?" புள்ளிகள் கூடவில்லை. அதே ஆயிரம்தான், ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிட்டன. அவன் எங்கே என்பது மணிக்கு மணி இன்னும் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். "ஆமாம்மா," என்கிறாள் கணக்குப் போடுபவள். உயிருள்ளவன் ஒரு விதமாக மிதப்பான், இல்லாதவன் வேறு விதமாக. இந்தப் பாழாய்ப்போன கணக்குக்கு அதுவும் தெரிந்தாக வேண்டும். மனைவி சட்டையின் காலரை நீவக் குனிகிறாள். அந்த நேரம் பார்த்து இவள், 'மிதப்பது' என்ற கட்டத்தில் 'ஆள்' என்பதை எடுத்துவிட்டு 'உடல்' என்று மாற்றுகிறாள்.