ஒரே பெட்டிக்குள்

"கையெழுத்து போட்டாச்சுன்னா நீ உன் வழி, நான் என் வழி" என்றான் கணவன்.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றாள் மனைவி.

வக்கீல் நாலு மணிக்குத்தான் வருவாராம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே தலைநகர் அருங்காட்சியகம். உள்ளே ஏசி இருக்கும். ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துக்கொண்டு, தெரியாதவர்களைப் போல முன்னும் பின்னுமாக நுழைந்தார்கள்.

அவள் பானைகளைப் பார்த்தாள். அவன் ஈட்டி முனைகளைப் பார்த்தான். கடைசி அறையில் வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே கண்ணாடிப் பெட்டியின் முன் வந்து நின்றார்கள்.

உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள், தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்தன. ஒன்றின் கை மற்றதன் கைமேல் கிடந்தது.

"மூவாயிரம் வருஷமாங்க..." என்றாள் அவள். அந்த 'ங்க' அவன் காதில் விழுந்தே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அவன் குனிந்து அட்டையைப் படித்தான். "குழி 4, குழி 11னு ரெண்டு நம்பர் போட்டிருக்கான். அது எப்படி..."

"ஆரம்பிச்சிட்டீங்களா! உப்புல குத்தம், துணி மடிக்கிறதுல குத்தம். செத்தவங்ககிட்டயும் குத்தம் கண்டுபிடிக்கணுமா?"

வழக்கமாக இங்கேதான் சண்டை தொடங்கும். அவன் வாயைத் திறந்தான். பெட்டிக்குள் இருந்த கைகளைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சரி, நீ சொல்றதுதான் சரி."

பத்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவள் அவனையே காட்சிப்பொருள் மாதிரி பார்த்தாள்.

"இவங்களால மட்டும் எப்படி இத்தனை காலம் ஒண்ணா இருக்க முடியுது?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"பேசிக்கிறதில்லையே, அதனாலதான்."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. கைப்பையிலிருந்த விவாகரத்துப் பத்திரத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். அவன் துண்டுகளை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

"அடுத்த வாரம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டணுங்க" என்றபடி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள்.

அவர்கள் போன வாசல் வழியாகவே தச்சர் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். "புதுப் பெட்டி ரெடி, மேடம்!"

அருங்காட்சியகப் பொறுப்பாளர் அம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அப்பாடா! பதினொண்ணை மாடிக்குக் கொண்டு போங்க. இடமில்லாமத்தானே ரெண்டையும் ஒண்ணா போட்டு வெச்சோம்!"